மொழிபெயர்ப்பாளருக்கு

தோழிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். 'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

திருகோணமலைக் கூட்டத்தில் எங்கள் கிண்ணியா இளைஞர் குழுவுக்காக உன் தங்கை ரிஸ்லா பேசினாள். "ஹோட்டல் கட்டக் கரையோரக் கண்டல் காட்டை வெட்டாதீங்க. அது இல்லாட்டிப் புயலுக்குக் கிண்ணியா தாங்காது," என்றாள். ஹோட்டல் கம்பனியின் மொழிபெயர்ப்பாளரான நீ, கிண்ணியா இளைஞர்கள் ஹோட்டலை வரவேற்கிறார்கள் என்று அதைக் கட்ட வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். அவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கும் ஆங்கிலம் விளங்கும். நான் எழுந்ததும் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்," என்றாய். நீ நீட்டிய கேக்கை நான் வாங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ரிஸ்லாவின் முகமெல்லாம் சிரிப்பு. "ராத்தா இருந்ததாலதான் அவங்களுக்கு விளங்கிச்சு," என்று அக்கா உன்னை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

பெருநாளைக்கு வீட்டுக்கு வருவாய்தானே, அங்கே என்ன மொழிபெயர்த்தாய் என்று அவளுக்கு நீயே சொல்.

இப்படிக்கு,
வகுப்பில் உன் பக்கத்துக் கதிரையில் இருந்தவள்