நின்று நின்று போகும் கார்

அப்பா,

பெங்களூர் அடுகோடியில் பழைய கார் விற்கும் கடையொன்றில், ஒரு எலெக்ட்ரிக் காரின் கதவைத் திறந்தேன். மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. பூ இல்லை. டாஷ்போர்டில் ஒட்டி வைக்கிற, பச்சைக் கூழ் நிறைந்த அந்தச் சின்ன டப்பா. உங்கள் காரில் இருந்த அதே வாசனை. பின்னால் நின்ற அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே, அந்த டப்பாவைப் பிடுங்கி வெளியே போடச் சொன்னேன். விற்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பிடுங்கினார்.

செத்துப்போனவர்களைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதுவதுதான் முறை. நம் லிங்கராஜபுரத்தில் உங்களுக்கு நல்ல பெயர்தான், அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பழி தீர்த்த கதையை எழுதுகிறேன். மரியாதை குறையாமல்தான் எழுதுகிறேன், கோபமும் குறையவில்லை.

வருடா வருடம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு உங்கள் வெள்ளைக் காரில் போவோம். "பெங்களூர்ல மிதிச்சா வேளாங்கண்ணிலதான் கால எடுப்பேன்" என்பீர்கள். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, காக்ஸ் டவுன் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும், வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆண்கள் கூடுவார்கள். யார் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் பேச்சு. மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று ஒருவர்கூட இன்னொருவரைக் கேட்டதில்லை. எப்போதும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். உங்கள் கூட்டாளி தாஸ் அங்கிள் உங்கள் முதுகில் தட்டுவார்.

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. முன் சீட்டில் உங்கள் அக்கா. பின்னால் அம்மா, நான், அத்தையின் பிள்ளைகள். கிருஷ்ணகிரி வந்தபோது, பாத்ரூம் போகவேண்டும் என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். "சேலம் தாண்டிப் பாக்கலாம்" என்றீர்கள். தருமபுரியில் மறுபடியும் கேட்டாள். நீங்கள் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தீர்கள். அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. தொப்பூர் மலை வருவதற்குக் கொஞ்சம் முன்பு அந்தப் பிடி தளர்ந்தது. சீட் நனைந்து என் பாவாடை வரைக்கும் வந்தது. அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

அப்போது நிறுத்தினீர்கள். அம்மாவுக்காக இல்லை, சீட்டுக்காக. துடைத்துவிட்டு, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, "பாத்தியாக்கா, இவளக் கூட்டிட்டு வந்தா இதான்" என்று அத்தையிடம் சொன்னீர்கள். சேலத்தில் ஒரு கடையில் நிறுத்தி அந்த மல்லிகை டப்பாவை வாங்கி ஒட்டினீர்கள். வாசனை தீரத் தீரப் புதிது வாங்கினீர்கள், காரை விற்கிற நாள் வரைக்கும். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அம்மா அதில் ஏறும்போதெல்லாம் அந்த வாசனை அவளுக்காகக் காத்திருக்கும்.

அடுத்த வருடத்திலிருந்து அவள் கோயில் பங்கு மக்களோடு பஸ்ஸில் போனாள். நமக்கு முந்தின நாளே கிளம்பி, நமக்கான புளிசாதத்தையும் சுமந்துகொண்டு. "அவளுக்குக் கார் ஒத்துக்காது" என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். எல்லாரும் நம்பினார்கள். கடைசியில் அம்மாவே, "எனக்குக் கார் ஒத்துக்காதுங்க" என்று சொல்லப் பழகிவிட்டாள். நிறுத்தாமல் போனதைக்கூட விட்டுவிடலாம் அப்பா. அவள் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

எனக்கு ஸ்டியரிங் எதற்கு என்று கேட்டீர்கள். உங்களை அடக்கம் செய்த பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன்: ஒரு கார் வாங்கவேண்டும், அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து வேளாங்கண்ணிக்கு ஓட்டவேண்டும், உங்கள் நேரத்தை முறியடிக்கவேண்டும், அதே மரத்தடியில் போய் நின்று தாஸ் அங்கிள் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

கடையில் ஒரே காரில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்றில் பெரிய பேட்டரி. ஒரு சார்ஜில் திருச்சியை நெருங்கிவிடலாம். இன்னொன்று சின்ன பேட்டரி, தருமபுரி தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும். சின்னது பார்க்கப் புதுசாக இருந்தது, ஒரே ஆள் கையில் ஓடியது. பெரியதில் இரண்டு மூன்று கீறல். ஆனாலும் என் மனசு பெரியதில்தான். விற்பவரும் என் பக்கம்தான், கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"வேளாங்கண்ணிக்கா மேடம்? அப்ப பெருசுதான். சின்னது ஊருக்குள்ள ஓட்ட ஓகே. அதுல போனா நாலு எடத்துல நின்னு நின்னு போகணும். சும்னே எதுக்கு மேடம்?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அந்தச் சின்ன காரின் பின் சீட்டில், பழக்கதோஷத்தில், ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே அவரைக் கேட்டாள்.

"நின்னா எவ்ளோ நேரம் நிக்கும்?"

"முக்கா மணி நேரமாச்சும் ஆகும்மா."

"நடுவுல அவசரம்னு கெளப்பிட்டா?"

"கெளப்பலாம். ஆனா போய்ச் சேராது."

அம்மா சீட்டைக் கையால் ஒரு முறை தடவினாள். "இதையே எடுடி" என்றாள்.

அவளைத் தனியாகக் கூட்டிப்போய் என் திட்டத்தைச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதில்லை. உங்களை ஜெயிக்க இதனால் முடியாது, வழியெல்லாம் நின்றால் சிரிப்பார்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அவர் ஓட்டத்த நீ எதுக்குடி ஓடற?" என்றாள். சின்ன பேட்டரிக் காரை வாங்கினோம்.

போன மாதம் போய்வந்தோம். முன் சீட்டில் அம்மா. கிருஷ்ணகிரியில் ஒரு ஓட்டல் வாசலில் வண்டியைச் சார்ஜில் போட்டேன். அவள் சாவகாசமாகப் பாத்ரூம் போனாள், முகம் கழுவினாள், பவுடர் போட்டாள், காபி குடித்தாள். இன்னொரு தடவையும் பாத்ரூம் போய்வந்தாள். கேட்டதற்கு, "நேரம் இருக்கே" என்றாள். தருமபுரி தாண்டியதும் திடீரென்று நிறுத்தச் சொன்னாள். சார்ஜ் தாராளமாக இருந்தது. அவசரமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. சும்மா நிறுத்து."

ஓரமாக ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். இறங்கினாள். டீ குடிக்கவில்லை, பாத்ரூம் போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தது. "போடா, போ" என்றாள். நிதானமாக வந்து ஏறி, போகலாம் என்றாள். அதற்குப் பிறகு வேளாங்கண்ணி வரைக்கும் அவள் பாடிக்கொண்டே வந்தாள் அப்பா. அவளுக்குப் பாட வரும் என்பது எனக்கே தெரியாது.

ஊர் திரும்பிய ஞாயிறு பூசைக்குப் போனோம். மரத்தடியில் தாஸ் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரத்தில் போனாய், அப்பா ரெக்கார்டை முறித்தாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அந்த மரத்தடியில் ஒருநாளும் நிற்காத அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"காலைல கெளம்பி ராத்திரி ஆச்சு. வழியெல்லாம் நின்னு நின்னு போனோம்."

"உங்களுக்குத்தான் கார் ஒத்துக்காதேம்மா" என்றார் அங்கிள்.

"கார் எனக்கு எப்பவும் ஒத்துக்கிச்சு அண்ணே. ஒண்ணுக்குப் போகணும், நிறுத்துங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். அவர் நிறுத்தல. அவ்ளோதான்."

குரலை உயர்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்டது. அங்கிள் தன் செருப்பைப் பார்த்தார். ஒருவர் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார், இன்னொருவர் மனைவியைத் தேடிப் போனார். அன்றைக்கு அங்கே யாரும் நேரம் பற்றிப் பேசவில்லை. நான் போட்ட திட்டமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உங்கள் காரும் இல்லை, டப்பாவும் இல்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு குரல்தான். அம்மா சீட்டில் லேசாக அசைந்தால் போதும், "சேலம் தாண்டிப் பாக்கலாம்" என்று காதுக்குள் கேட்கும். கேட்டதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது. நேற்றுக்கூட, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வண்டி நின்றது.

"இப்ப எதுக்குடி நிறுத்தின?" என்றாள்.

"அப்பா ஞாபகம் வந்துச்சும்மா" என்றேன்.