காய்ச்சலைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

உன்னிச்சை
04.03.2024

அன்பின் தர்ணிகா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் அம்மா வீட்டில் சுகம். தர்ணிகா நன்றாகச் சாப்பிடுகிறாள், கோழிகளைத் துரத்துகிறாள். போனில் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன், நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. பயமில்லை என்று மூன்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரே நாளில் பத்தொன்பது தரம் நான் வேலை செய்த பாமசிக்குப் போன் எடுத்தீர்கள். மருந்து வாங்க நின்ற சனத்துக்கு முன்னால் முதலாளி, "நாளையில இருந்து வர வேணாம் தங்கச்சி" என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட உங்கள் அக்கா ஏன் போனை எடுக்கவில்லை என்பதுதான் அன்றைக்கு உங்கள் கேள்வி. அவ குளித்துக்கொண்டிருந்தா.

போனை நிறுத்தி வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள்.

கஜானி

கல்குடா
09.03.2024

என் கஜானிக்கு,

உன் வேலை போனதற்கு நான்தான் காரணம். நூறு தரம் யோசித்துவிட்டேன். யோசித்தும் அந்த வேலை திரும்பி வரவில்லை.

"சும்மா யோசிக்காதீங்க" என்று நீ சொன்னால் எனக்குக் கோபம் வரும். விரும்பியா யோசிக்கிறேன்? பிள்ளை ஒருதரம் இருமினால் சளி, காய்ச்சல், வலிப்பு என்று மனம் தானாக ஓடுகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்தால் அவளுக்கு ஒன்றும் வராது என்று ஒரு நினைப்பு.

மனநல டொக்டர் ஒருவரிடம் போனேன். யோசனை வந்தால் அதை எழுதச் சொன்னார். இன்றைக்கு அதற்கு ஏதாவது செய்ய ஏலுமென்றால் செய்ய வேண்டும். ஏலாதென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குத் தள்ளிவைத்து, அரை மணித்தியாலம் மட்டும் யோசிக்க வேண்டும். இந்தக் கிழமை இரண்டு நாள் சரிவந்தது. மற்ற நாட்களில் ஐந்து மணி காலை ஏழுக்கே வந்துவிட்டது. வெறுத்துப்போகிறது.

பிள்ளை இருமுகிறாளா?

நிதுர்ஷன்

உன்னிச்சை
14.03.2024

தர்ணிகா அப்பாவுக்கு,

உங்கள் கடைசி வரியைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றியது.

போன ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. பனடோல் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்தேன். பின்னேரம் விட்டுவிட்டது. உங்களுக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் உங்களையும் சேர்த்துத் தேற்ற வேண்டும்; எனக்கு அவ்வளவு பெலன் இல்லை.

அவளுடைய கை சூடாக என் கழுத்தில் கிடந்தபோது எனக்கும் ஜனவரிதான் கண்ணுக்குள் நின்றது. எங்கள் வீட்டில் பயம் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு வந்தால் நான் ஒளித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

கஜானி

கல்குடா
18.03.2024

கஜானிக்கு,

உன் கடிதத்தை வாசித்து முடிக்குமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன். செங்கலடிச் சந்தியில், உங்கள் பக்கம் திரும்பும் இடத்தில், நிறுத்தினேன். காய்ச்சல் வந்தும் எட்டு நாள், விட்டும் எட்டு நாள். நான் வந்து என்ன செய்வேன்? அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், உன்னைக் கேள்வி கேட்பேன். தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

இவ்வளவு யோசித்தவனுக்கு, நீயும் பயப்படுவாய் என்ற ஒரு யோசனை மட்டும் வரவேயில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நிதுர்ஷன்

உன்னிச்சை
22.03.2024

அன்பின் நிதுர்ஷனுக்கு,

வருகிற வியாழன் பிள்ளைக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வலிப்புக் கிளினிக். அம்மா கூட வருவதாகச் சொன்னா, வேண்டாம் என்றேன்.

நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. கல்குடாவுக்குத் திரும்புவது பற்றி இப்போது கேட்காதீர்கள். ஆனால் கிளினிக்கை நினைத்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை.

எட்டு மணிக்குக் கிளினிக்குக்கு வாருங்கள். டொக்டரிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கிறேன். பிள்ளையை நீங்கள் தூக்கி வைத்திருங்கள். அன்றைக்குப் பயப்படப்போவது நான்.

கஜானி