வாசலில் நிற்கும் தட்டைப் போர்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

நீயும் உன் பெண்டாட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவர் போன பிறகும் கட்டிலின் இந்த ஓரத்தில்தான் படுக்கிறேன். நடுவுக்கு வரத் தோன்றவில்லை.

உன் அத்தான் செத்த அன்று இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வந்தாய். விடிவதற்குள் போய்விட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாசலில் சோளத்தட்டைப் போர் கூரை உயரத்துக்கு நிற்கிறது. அறுப்பு முடிந்து தட்டைக்குத் தீ வைக்கப் போனவர்களை எல்லாம் அவர் வயல் வயலாகப் போய் மறித்தாரே. "என் மச்சான் வேலை பார்க்கிற ஆலையில இதுலேருந்து வண்டிக்கு எண்ணெய் எடுக்கிறாங்க. லாரி வரும், காசும் வரும். இதைப் போய்க் குப்பைங்கிறீங்களே, எண்ணெய்க் கிணறுய்யா இது" என்று சொல்லித்தான் எல்லாரையும் இங்கே கொண்டுவந்து போட வைத்தார்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் கிளம்பும்போது கண் போரின் மேல் ஒரு தரம் போய் வருகிறது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை. எனக்குத் தலை நிமிரவில்லை. லாரி எப்போது வரும்? இரண்டு வரி எழுது.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

லாரி வராது.

தப்பு என்னுடையது. ஒரு லாரி பத்து டன் இழுக்கும் என்று வைத்து வாடகையைப் பிரித்து, அத்தானிடம் விலை சொல்லிவிட்டேன். அழுத்திக் கட்டாத தட்டை மூன்று டன்னிலேயே லாரியை நிறைத்துவிடும். மிச்சம் ஏறுவது காற்று. நம் ஊர் தூரத்துக்கு வாடகை, தட்டையின் விலையைத் தின்றுவிட்டு மேலும் கேட்கும். ஆலைக்கு அக்கம்பக்கத்து வயல்களிலேயே வேண்டியது கிடைக்கிறது.

எடையைப் பார்த்தேன், இடத்தைப் பார்க்கவில்லை. இதற்குத்தான் படிக்க வைத்தீர்கள். அத்தானிடம் சொல்ல வாய் வரவில்லை, அதற்குள் அவர் போய்விட்டார். இந்த முகத்தோடு பகலில் எப்படி வருவேன்?

எனக்காக ஒன்று செய் அக்கா. நஷ்டம் வந்து ஆலையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிடு.

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரிந்த பிறகு இன்னொரு தரம் படித்தேன்.

நீ சொன்னபடியே செய்தேன். தட்டையை இங்கே இழுத்து வந்து போட்ட டிராக்டர்காரர் வந்தபோது, "ஆலையை மூடிட்டாங்களாம் அண்ணே" என்றேன். அவர் சொன்னார்:

"விடும்மா. நீ வீட்டுல இல்லாதப்ப லாரிக்காரன் வந்து பாத்துட்டு, கட்டுப்படியாகாதுன்னு அப்பவே சொல்லிட்டுப் போயிட்டான். உன் வீட்டுக்காரர் எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரு. 'மச்சான் சின்னப் பையன், பயந்துபோய்க் கிடப்பான். அவனா வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் என் பொண்டாட்டிகிட்ட யாரும் மூச்சு விடாதீங்க'ன்னாரு. அவரே போயிட்டாரு, நாங்க என்னத்தைக் கேக்கறது?"

எல்லாருக்கும் தெரியும் தம்பி. உனக்காக அவர் காத்திருந்திருக்கிறார். அத்தனை பேரும் அவர் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நின்ற வாசலில், நான் போய்ப் பொய்யைக் கொட்டினேன். டிராக்டர்காரருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாளையிலிருந்து தட்டையை நறுக்கி அவரவர் மண்ணிலேயே போட்டு உழப் போகிறார்கள். நானும் நறுக்கப் போகிறேன். அவருடைய அரிவாள்தான். பிடி என் கைக்குப் பெரிதாக இருக்கிறது, துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத வரவில்லை. இருக்கிறது. ஆனாலும் வா. பாதிப் போரை உனக்கென்று விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். பகலில் வா. முன்வாசல் வழியாக வா.

உன் அக்கா