இடது பக்கக் கீறல்

பிப்ரவரி 6, வியாழன்

காலையிலேயே ஒரு கூத்து. எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குப்பை கொட்ட வெளியே வந்தாராம். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. செருப்புகூடப் போடாமல் என் கடைக்கு ஓடி வந்தார். "சாவிக்காரரே, பால் பொங்குது, சீக்கிரம் வாங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று எனக்குத்தான் திட்டு. இந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுக்கவே முடியாது. தாமதமாகத் திறந்தால் வேலை தெரியாதவன். சட்டென்று திறந்தால், "இந்த ஆளை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் போவது?" என்கிற பார்வை.

இந்த நோட்டில் பூட்டு விவரம் மட்டும்தான் எழுதுவேன். எந்த வீடு, எந்தப் பூட்டு, என்ன கோளாறு. இன்று ஒன்று கூடுதலாக. மதியம் சாப்பிடப் போனால் வாண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூட நாள். "தலைவலிப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. மகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, எனக்கு இன்னும் வாண்டுதான். பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கிறாள் போல, பாவம். போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்காரிக்குத் தையல் கம்பெனியில் மேற்பார்வை வேலை. ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். இன்று ஆரம்பித்தாள்.

"வாண்டு சரியில்லைங்க."

"என்ன சரியில்ல?"

"சாப்பிடறதில்ல. தலை சீவறதில்ல. ஏண்டின்னு கேட்டா எரிஞ்சு விழறா."

"வயசு அப்படி."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் வயசுதான். எனக்கு வயித்துல புளியக் கரைக்குது."

"உனக்கு என்னைக்குத்தான் கரைக்கல?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மார்க் அட்டை வந்தது. கணக்கில் நாற்பத்தொன்று. போன வருடம் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள். நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "இதுக்கா நான் கண்டவன் வீட்டுக் கதவு முன்னாடியெல்லாம் குத்தவச்சு உக்காந்திருக்கேன்?" என்றேன். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. நான் வேறு யாரையோ திட்டுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று கவனித்தேன். கண்ணுக்குள் இருக்கும் கருமணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நாள் முழுக்கச் சின்னத் துளைகளைப் பார்த்தே பிழைக்கிறவன் நான், எனக்கு அது தப்பாது. ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். இதை வேறு யாரிடம் சொல்வது?

மருந்துக்கடைக்காரர் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். கடையின் பின்கதவுப் பூட்டு. மதியம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திய நேரத்தில் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். கல்லாவைத் தொடவில்லை. வலிமாத்திரைகள் இருந்த அலமாரி மட்டும் காலி. "பூட்டு உடையல சாவிக்காரரே. அப்படியே மாட்டியிருந்துச்சு. அப்போ சாவி வச்சிருக்கவன்தானே எடுத்திருக்கணும்? நீங்க பாத்துச் சொல்லுங்க."

விளக்கடியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். சாவித்துளையின் உள்ளே புதுக் கீறல்கள், மெல்லிசாக. எல்லாம் இடது ஓரத்தில், மேலே ஒரே ஒரு தட்டின தடம்.

வலது கைக்காரர்கள் கம்பியை விட்டால் கீறல் வலது ஓரத்தில் விழும். ஊரில் இடது கைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் கம்பியை நுழைத்ததும் ஒரு தரம் மேலே தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் திருப்புகிற இடது கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஒன்பது வயதில், லீவு நாளில், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து விளையாட்டாகக் கற்றுக்கொண்டது அந்தக் கை. பத்து வயதில் என்னை ஜெயித்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நானே பெருமையடித்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள ஸ்பிரிங் தேஞ்சுபோச்சு" என்றேன். "பழைய பூட்டு. லேசா ஆட்டினாலே திறந்துக்கும்."

பொய். அந்த ஸ்பிரிங் இன்னும் பத்து வருடம் உழைக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வாண்டின் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தேன். ஜியோமெட்ரி பெட்டிக்குள் காலி மாத்திரை அட்டைகள், நாலாக மடித்து. கூடவே ஒரு கம்பி, முனை வளைத்தது. வளைத்த விதம் என்னுடையது.

"சத்தியமா என்னோடது இல்லப்பா. நெட்டையோடது. வச்சிருக்கச் சொன்னா." நெட்டை அவளுடைய சினேகிதி.

"கம்பியும் நெட்டையோடதா?"

பிறகு என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள், இனிமேல் தொடமாட்டேன் என்று. கை ஜில்லென்று இருந்தது. நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? என் தலை ஆயிற்றே.

வீட்டுக்காரியிடம் முழுசாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மருந்துக்கடையில் விற்பனையில் நின்ற பெரியவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. ஸ்பிரிங் தேய்ந்தது என்று நான் சொன்னதை முதலாளி நம்பவில்லை போல. பத்தொன்பது வருடம் வேலை பார்த்த மனிதர். தெருவில் எதிரே வந்தார். "நல்லாருக்கீங்களா?" என்று எப்போதும்போல் கேட்டார்.

இருக்கேன் என்றேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 2, ஞாயிறு

சத்தியம் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் வீட்டுக்காரி அலமாரித் துணிக்கு அடியில் இன்னும் இரண்டு அட்டைகளைக் கண்டுபிடித்து என் முன்னால் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கடைப் பூட்டு, பெரியவர், எல்லாம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "தெரிஞ்சும் பதினஞ்சு நாள் சும்மா இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அவள் கத்தியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வாசல் கதவுக்கு ஏழு லீவர் பூட்டு மாற்றினேன். வீட்டுப் பூட்டுகளில் உசத்தியானது. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பரீட்சை வரைக்கும் வீட்டிலேயே இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

திறந்துவிட்டாள். நான் மதியம் வந்தபோது கதவு ஒழுங்காகப் பூட்டியிருந்தது, உள்ளே ஆள் இல்லை. திறந்ததோடு இல்லாமல் திரும்பப் பூட்டிவிட்டும் போயிருக்கிறாள். பொறுப்பான பிள்ளை.

சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

மார்ச் 8, சனி

இன்று அவளே பேசினாள். கடைக்கு வந்து பழைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மேலெல்லாம் நடுக்கம். இரண்டு நாளாக எடுக்கவில்லையாம். முதலில் நெட்டை ஒன்று கொடுத்தாளாம், பரீட்சைக்கு முந்தின நாள், "நல்லா தூக்கம் வரும்" என்று. அப்புறம் பாதி, அப்புறம் ஒன்று, அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டாள். இப்போது சந்தோஷத்துக்கெல்லாம் இல்லையாம். போடாவிட்டால் எலும்புக்குள் எறும்பு ஊர்கிறதாம்.

"ஏண்டா கண்ணு, நாங்க என்ன குறை வச்சோம்?"

"குறை இல்லப்பா. அத போட்டா சத்தம் நிக்கும்."

"என்ன சத்தம்?"

"மண்டைக்குள்ள ஒருத்தர் பேசிட்டே இருப்பாரு. இது பத்தாது, இது பத்தாதுன்னு."

"யாரு?"

கையிலிருந்த பூட்டை உருட்டிக்கொண்டே, "குரல் உங்களோடதுப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அரத்தை எடுத்துச் செய்து முடித்த சாவியையே திரும்ப ராவிக்கொண்டிருந்தேன். அணைத்துக்கொண்டிருக்கலாம். அப்போதே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கலாம். திங்கட்கிழமை போகலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வங்கியில் லாக்கர் வேலை வந்துவிட்டால் செவ்வாய்.

மார்ச் 11, செவ்வாய்

குளியலறை. பகல் பன்னிரண்டு மணி. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தட்டினேன். வாண்டு, வாண்டு, கதவத் திறடா.

உள்தாழ்ப்பாள். அதற்குச் சாவித்துளை கிடையாது. முப்பது வருஷமா ஊர்ல எல்லாக் கதவையும் திறந்தவன், என் வீட்டுக் கதவுக்கு முன்னாடி கம்பிய வச்சுக்கிட்டு நிக்கறேன். விடறதுக்கு ஒரு துளை இல்ல. அந்தத் தாழ்ப்பாளைப் போன வருஷம் நான்தான் மாட்டினேன். நல்லா கெட்டியா.

உதைச்சேன். எத்தனை உதைன்னு தெரியல. டீச்சர் ஓடிவந்தாங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாங்க. உதடு நீலமா இருந்துச்சு. மூச்சு—

உயிரோடு இருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா இங்க கொண்டுவந்து பிரயோஜனம் இல்ல. சில நாள் நிறுத்திட்டு, பழைய அளவையே எடுத்திருக்கா. உடம்பு தாங்காது. இப்படித்தான் நிறைய பேர் போயிடறாங்க."

வீட்டில் செய்ததையெல்லாம் சொன்னேன். ஏழு லீவர் பூட்டைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இது வியாதி. காய்ச்சல் வந்த பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டினா காய்ச்சல் போயிடுமா?"

எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே டாக்டர் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். பெண் பிள்ளைகளுக்கான இடம். மஞ்சள் சுவர், எட்டுக் கட்டில், பின்னால் சின்னத் தோட்டம். மூன்று வாரத்துக்குப் பார்க்க வரக்கூடாதாம். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள்.

வரும் வழியில் மருந்துக்கடையில் இறங்கினேன். வீட்டுக்காரி வண்டியிலேயே இருந்தாள். "ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு. திறந்தது என் பொண்ணு. எனக்கு அன்னைக்கே தெரியும்." அவர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கல்லாவில் போட்டு மூடினார். கடைசியில், "அந்தப் பெரியவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். "போலீஸுக்கெல்லாம் போகமாட்டேன். பொம்பளப் பிள்ளை. ஆனா நீங்க இனிமே இந்தப் படியேற வேண்டாம்."

பெரியவர் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தார், கேட்டார், மூடினார்.

மார்ச் 23, ஞாயிறு

இல்லத்திலிருந்து போன் இல்லை.

மார்ச் 29, சனி

வார்டனம்மா போன் செய்தார். முதல் பத்து நாள் வாந்தி, அழுகை, சுவரில் தலையை முட்டிக்கொண்டாளாம். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். "சரியாயிடுவாளாம்மா?" என்று கேட்டேன். "இன்னைக்கு நல்லாருக்கா" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னார். எந்தப் பூட்டுக்கும் நான் இத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவேன். இதற்கு அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரி குளியலறைக் கதவை இன்னும் மாட்டவிடவில்லை. திரைதான் தொங்குகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்க்கப் போனோம். இளைத்திருக்கிறாள். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டாள். நான் அவள் காலருகில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, மார்க்கைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ. கால் விரலைப் பிடித்து ஆட்டினேன், சின்ன வயதில் எழுப்புகிற மாதிரி. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது வார்டனம்மா கூப்பிட்டார். "சாவி வேலைதானே உங்களுக்கு? தோட்டத்துக் கேட் பூட்டை ஒரு தடவை பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். சாதாரணத் தொங்கு பூட்டு. வாண்டு பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு திறப்பாள். குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். இருந்தது. இடது ஓரத்தில் ஒரு கீறல், புதுசு. ஒன்றே ஒன்று. மேலே தட்டியிருக்கிறது, திருப்பவில்லை.

இன்னொரு தடவை பொய் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். "அம்மா, என் பொண்ணு இதத் திறக்கப் பாத்திருக்கா."

"தெரியும்" என்றார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தலைமுடி ஊக்கை எடுத்து வைத்தார், முனை வளைத்தது. "செவ்வாய்க்கிழமை அவளே கொண்டுவந்து கொடுத்தா. உள்ள விட்டுட்டேன், திருப்பறதுக்குள்ள எடுத்துட்டேன்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா. 'அடுத்த தடவை திருப்பாம எடுப்பேனான்னு தெரியாது மேடம். எங்கப்பா வருவாரு. என்னால திறக்க முடியாத பூட்டா ஒண்ணு போடச் சொல்லுங்க.'"

அந்த ஊக்கைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வந்ததிலிருந்து கடையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். இருக்கிற பூட்டையெல்லாம் மேஜையில் பரப்பியாயிற்று. சின்னது, பெரியது, ஏழு லீவர், நம்பர் பூட்டு, வங்கிக்காரர்களுக்கு என்று வரவழைத்த உசத்திப் பூட்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவளுக்குத் திறக்கத் தெரியாதது ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். "எத மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள். தெரியல என்றேன். மேஜையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அன்னைக்கு அவள நிறுத்தினது பூட்டு இல்லைங்க" என்று அவளே ஒன்றைப் பொறுக்கி என் பைக்குள் போட்டாள். எடுத்துப் பார்த்தேன், சாதாரணப் பூட்டுதான்.

நாளைக் காலையில் போய் மாட்டிவிட்டு வர வேண்டும்.