ஏணியில் எந்தப் படி

செப்டம்பர் 8, திங்கள். மஞ்சக்குப்பம், கடலூர்

இந்த மாதம் எழுத வேண்டியவை, மறந்துவிடாமல் இருக்க:

1. உலகக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீடு தேர்வானது – முழு விவரம்.
2. ஏணியில் நான் நிற்கும் படி – கணக்கிட்டு முடிவு செய்தல்.
3. சிதம்பரம் வீடு – முப்பதாம் தேதிக்குள் நடராஜுக்குப் பதில்.
4. மேற்படி 2, 3 ஆகிய இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு இல்லை. குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது. காலை பதினொரு மணிக்கு அனுப்பிரியா என்றொரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். வெளிநாட்டு அமைப்பு ஒன்று வருடந்தோறும் பல நாடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டு, எந்த நாடு மகிழ்ச்சியான நாடு என்று வரிசைப்படுத்துகிறதாம். நம் நாட்டில் சில ஆயிரம் வீடுகள். அவற்றில் ஒன்று எங்களுடையது.

அவள் கொடுத்த துண்டுத்தாளில் கேள்வி இருந்தது. ஓர் ஏணி. அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உச்சி என்பது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடி என்பது மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

"இப்பவே சொல்லணுமா?" என்றேன்.

"இல்ல சார். வீட்ல பெரியவங்க எல்லாரும் இருக்கறப்பதான் கேக்கணும். ஆன்ட்டி எங்க?"

என் மனைவி சிவகாமு திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தாள். இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு அனுப்பிரியா போனாள். நல்லது. தயாராகப் பதின்மூன்று நாள் இருக்கிறது.

மூன்றாவது. சிதம்பரத்தில் என் மாமனார் கட்டிய வீட்டின் மாடி சிவகாமுவின் பங்கு. கீழே அவள் தம்பி நடராஜ் இருக்கிறான். மாடியில் குடியிருந்தவர் காலி செய்கிறார். "நாமளே போயிடலாங்க" என்கிறாள். "பார்க்கலாம்" என்றேன். போன தடவை ஆள் மாறியபோதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பட்டியல் போட்டேன். ஓய்வூதியம் – 8. முழங்கால் – 4. மகன் சாய்நாத்துக்கு ஹைதராபாத்தில் நல்ல வேலை – 9. அவன் மாதம் ஒருமுறைதான் பேசுகிறான் – 5. தெருச் சாக்கடை – 2. செய்தித்தாள் ஆறு மணிக்கு வந்துவிடுகிறது – 10. சாப்பாடு – 9.

சிவகாமுவை எந்தத் தலைப்பில் போடுவது? சாப்பாட்டில் அடக்கம் என்று விட்டுவிட்டேன்.

இனி எடை, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்பது. முழங்காலுக்கும் மகனுக்கும் ஒரே எடை கொடுப்பது நியாயமா? நாளை யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் காலனி முழுக்கத் தெரிந்திருக்கிறது. நலச்சங்கச் செயலாளர் ராஜாமணி வந்தார்.

"சார், நம்ம காலனிக்கே பெருமை. பத்து போட்டுடுங்க."

பத்து என்றால் இதற்குமேல் நல்ல வாழ்க்கையே இல்லை என்று பொருள் ஆகிவிடுமே என்றேன்.

"ஆயிட்டுப் போவட்டும் சார். பின்லாந்துக்காரன் என்ன, அளந்து பாத்தா சொல்றான்? குளிர்ல வெறைச்சிப்போயி வாயில வந்த நம்பரைச் சொல்றான், மொத எடம் வாங்கிடறான். நம்ம ஜனங்கதான் ஜாஸ்தி யோசிச்சி நாலு, அஞ்சுன்னு சொல்லி நாட்டைப் பின்னாடி தள்ளிடறாங்க."

தலையாட்டினேன். மறுப்பதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எதிர்வீட்டு சார்லஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கேட்டைத் திறக்காமல் வெளியே நின்றபடியே பேசினார்.

"ராஜாமணி பத்து போடச் சொன்னானாமே? எட்டு மாசமா சாக்கடை அடைச்சிக்கிட்டு நிக்குது. மூணு மனு குடுத்தாச்சி. பூஜ்யம் போடுங்க சார். ஒலகமே பாக்கட்டும்."

பூஜ்யம் என்றால் இதைவிட மோசமான வாழ்க்கையே கிடையாது என்று...

"இங்க வந்து நின்னு ஒரு மூச்சு இழுங்க. அப்பறம் பேசலாம்."

அவருக்கும் தலையாட்டினேன். ஆக ஒருவருக்குப் பத்து, ஒருவருக்குப் பூஜ்யம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சராசரி ஐந்து. நேர்மையாகத்தான் இருக்கிறது.

பால் ஊற்றும் அய்யனாரிடம் அவனுடைய படி எது என்று கேட்டுப் பார்த்தேன். "நான் ஏணியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவன் சாமி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

செப்டம்பர் 15, திங்கள்

முழங்காலுக்கு எடை 0.15.

செப்டம்பர் 17, புதன்

விடை 6.85. ஆனால் முழு எண்தான் ஏற்பார்களாம். ஏழு சொன்னால் தற்பெருமை. ஆறு சொன்னால் நாட்டுக்கு நஷ்டம். பெயர் எங்காவது போய்ச் சேருமா? ஓய்வூதியத்துக்கு ஏதாவது? சாய்நாத்துக்கு போன் செய்தேன். "அப்பா, இது ஏதோ மோசடி. ஓ.டி.பி. மட்டும் சொல்லிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நடராஜ் பேசினான். "மாமா, பேங்க் ஆபீசர் ஒருத்தர் மாடியக் கேக்கறாரு. மூணு வருஷம் அக்ரிமென்ட் வேணுமாம். அக்காவுக்கு வர ஆசை. நீங்க என்ன சொல்றீங்க?"

"கொஞ்சம் யோசிக்கணும் மச்சான்."

"முப்பதாம் தேதி தாண்டினா அவருக்குக் குடுத்துடுவேன் மாமா. அப்பறம் என்னைக் கோவிச்சிக்கக் கூடாது."

இதற்கும் பட்டியல் போட்டேன். கடலூரிலேயே இருக்கப் பதினொரு காரணங்கள், சிதம்பரம் போக நான்கு. பதினொன்றில் முக்கியமானது, சிவகாமுவுக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது.

அவள் கேட்டாள்: "ஏங்க, ஏணியில எந்தப் படின்னு பத்து நாளா எழுதறீங்களே. வீட்டைப் பத்தி ஒரு நாள் யோசிக்கக் கூடாதா?"

இது நாட்டு விஷயம் என்றேன்.

செப்டம்பர் 20, சனி

வெள்ளைச் சட்டை இஸ்திரி ஆயிற்று. ஏழு என்று முடிவு. (ஆறா?)

செப்டம்பர் 21, ஞாயிறு

பத்தரைக்கு அனுப்பிரியா வந்தாள். ராஜாமணி அவளுக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பணிவாக அவரை வெளியே அனுப்பினாள்.

வீட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் யார் யார் என்றாள். தியாகேசன், எழுபத்து நான்கு. சிவகாமு, அறுபத்தெட்டு. டேப்லெட்டில் பதிவு செய்தாள். திரையில் ஏதோ சுற்றி நின்றது.

"ஆன்ட்டிதான் சார் வந்திருக்காங்க."

எதில் என்று எனக்கு விளங்கவில்லை. ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது, நான்தான் குடும்பத் தலைவர் என்றேன்.

"தலைவரைத்தான் எடுக்கணும்னு ரூல் இல்ல சார். குலுக்கல்ல யார் வராங்களோ அவுங்கதான்."

சிவகாமு சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சாரையே கேளு. அவரு படிச்சி வச்சிருக்காரு."

"உங்களைப் பத்தின கேள்விதான் ஆன்ட்டி. படிக்க வேண்டாம்." பிறகு என்னிடம், "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்."

இஸ்திரி போட்ட சட்டையோடு கொல்லைப்பக்கம் துணிக்கொடி அருகே நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. கேட்கக் கூடாது. கேட்டேன்.

ஏணியை அவள் விளக்கினாள். "இப்ப எந்தப் படியில நிக்கறீங்க ஆன்ட்டி?"

"மூணு."

யோசிக்கவே இல்லை. பால் எத்தனை பாக்கெட் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சி எந்தப் படியில இருப்பீங்க?"

"சிதம்பரத்துல இருந்தாவா, இங்கியே இருந்தாவா?"

"ஒரே நம்பர்தான் ஆன்ட்டி சொல்லணும்."

"அப்ப அவரைத்தாம்மா கேக்கணும்."

"அவரைக் கேக்கக் கூடாதே."

"கேட்டாலும் சொல்ல மாட்டாரு. தெரியாதுன்னு போட்டுக்க."

"நேத்து எல்லாரும் உங்களை மரியாதையா நடத்தினாங்களா?"

"அதுக்கு என்ன கொறச்சல். சார் வீட்டம்மான்னு மரியாதையாத்தான் கூப்பிடறாங்க. என் பேரு இந்தத் தெருவுல யாருக்குத் தெரியும்?"

"நேத்து நல்லா சிரிச்சீங்களா?"

கொடியில் என் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"நேத்து சனிக்கிழமைதானே... இல்லம்மா."

செப்டம்பர் 22, திங்கள்

மூன்று.

செப்டம்பர் 23, செவ்வாய்

நவராத்திரி. கொலுப்படியை நினைத்துக்கொண்டு மூன்று என்று சொல்லியிருப்பாளோ? மூன்றுபடிக் கொலுதானே எங்கள் வீட்டில்? ஒரு நம்பிக்கையில் கேட்டே விட்டேன்.

"எனக்கு ஏணியும் தெரியும், கொலுவும் தெரியும். இந்த வருஷம் கொலுவே வைக்கலியே, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே வழக்கமாக வைக்கும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

கணக்குப் போட்டேன். ஆயிரம் பேரில் ஒருவர் எட்டுக்குப் பதில் மூன்று சொன்னால் சராசரி 0.005 குறையும். நாட்டின் இடம் மாறாது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

முப்பது வருடம் புள்ளியியல் துறை வேலையில், விளைச்சலை மதிப்பிடக் கீரப்பாளையம் வயல்களில் சோதனை அறுவடை செய்தவன் நான். எதேச்சை எண் அட்டவணை குலுக்கல்போலச் சொல்லும் வயல், அது சொல்லும் மூலை, அங்கே ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போட வேண்டும். விவசாயி மோசமான மூலையைக் காட்டுவார். மேலதிகாரி செழித்த மூலையைப் பார்ப்பார். முடியாது, அட்டவணை சொன்ன இடம்தான் என்று சொல்வேன். நான் தைரியமாகச் செய்த ஒரே காரியம். இந்த வீட்டில் மட்டும் கயிறு என்னைச் சுற்றித்தான் விழும் என்று எப்படி நம்பினேன்?

செப்டம்பர் 25, வியாழன்

ராஜாமணி கேட்டார். பொய் சொல்ல வரவில்லை.

"மூணா! மேடமா? சார், ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாமே. தேசப்பற்றுன்னு ஒண்ணு இருக்குல்ல!" மறுகேள்விக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதப்போகிறாராம்.

சார்லஸுக்கும் வருத்தம். "மூணுன்னா என்ன அர்த்தம்? மூணு படி நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். காரியத்தைக் கெடுத்துட்டாங்க சார் உங்க வீட்ல."

அவள் ஏன் மூன்று சொன்னாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கேட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

"மூணுன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே நீ."

"நீங்க கேட்டதில்லியே. நாப்பத்தாறு வருஷத்துல அந்தப் பொண்ணுதான் மொத ஆளா கேட்டுச்சி."

"சாப்பாடு, வீடு, எதுல குறை..."

"கொறன்னு ஒண்ணுமில்லங்க. நீங்க பேப்பரப் படிக்கறீங்க, நான் டி.வி.யப் பாக்கறேன். அங்க போனா எங்கூடப் படிச்ச சந்திரலேகா இருக்கா, நாலு பேரு இருக்காங்க. அடியேய் சிவகாமுன்னு கூப்பிட்டு சண்டையாவது போடுவாளுங்க. உங்களப் பாத்துக்கத்தான் நான் இருக்கேன், சரி. எனக்கும் எழுவது ஆவப்போவுது. ஒரு நம்பரு கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லணுமா?"

பக்கத்தைத் திருப்பினேன். என்ன செய்தி இருந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பதினொரு காரணங்களையும் மறுபடி படித்தேன். பத்தில் 'எனக்கு' என்ற சொல் இருக்கிறது. மீதி ஒன்று அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது என்பது.

நாலு மணிக்கு நடராஜை அழைத்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவனே திரும்ப அழைத்தான்.

"மாடிய யாருக்கும் விட வேண்டாம் மச்சான். நாங்க வரோம்."

"நெசமாவா மாமா? அக்காகிட்ட போனைக் குடுங்க!"

"அவளுக்கு இன்னும் தெரியாது."

"மாமா...!"

"நீயே சொல்லிடேன். எனக்கு வார்த்தை வராது." போனைச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு. சிதம்பரம்

மூன்று நாளாக மழை. மாடியேற இருபத்திரண்டு படி. முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணுகிறது. செய்தித்தாள் ஏழரைக்குத்தான் வருகிறது. எனக்கு இங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் நடராஜ். என் படியை மறுபடி கணக்கிட்டேன்: 5.9.

மாலை சந்திரலேகா கீழே நின்று கத்தினாள். சிவகாமு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு மணி வரை வரவில்லை. காலையில் வைத்த ரசத்தை நானே சூடு செய்து சாப்பிட்டேன். அடுப்பைப் பற்றவைக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது.

நனைந்த புடவையோடு வந்தாள். இப்போது எந்தப் படி என்று கேட்டேன். பேப்பரைப் பிடிக்காமலே கேட்டேன்.

"இன்னும் பாத்திரமே பிரிச்சி முடியல. அதுக்குள்ள மார்க்கு கேக்கறீங்க!" என்று சிரித்தாள்.

எண் சொல்லவில்லை. சிரித்தாள் என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

போன மாதம் எட்டாம் தேதிப் பட்டியலில் நான்காவதாக, தொடர்பு இல்லை என்று எழுதியது தவறு.