அரசனுக்குப் பதில் ஒருவர்

பெப்ரவரி 3, செவ்வாய்

மைனஸ் இருபத்தொன்று. எங்கள் கோட்-டெ-நெய்ஜ் தரிப்பில் பஸ் பிந்தியது. நூதனசாலையில் இந்த மாதம் எனக்கு பழங்கால அசீரிய அறையில் காவல். சுவர் உயரக் கல், அதில் அரசன். கெண்டைக்கால் நரம்புவரை கொத்தியிருக்கிறார்கள். அவன் பெருமை சொல்லும் எழுத்து அவன் உடம்புக்கு மேலாகவே ஓடுகிறது. மந்திரிமாருக்கெல்லாம் ஒரே முகம். நாள் முழுக்க நின்றும் கால் வலி தெரியவில்லை.

வாங்க: தேங்காய்ப்பால், கறிவேப்பிலை.

5, வியாழன்

பனி. வழிகாட்டும் பெண் இன்று சொன்னது: கிரகணம் வந்து, அரசனுக்குச் சாவு என்று சோதிடர் சொன்னால், சாதாரண ஆள் ஒருவனைப் பிடித்து முடிசூட்டி இருத்திவிடுவார்களாம். உண்மை அரசன் ஒளிவில். அவனுக்கு எழுதும் கடிதங்களில் 'கமக்காரன்', வெறும் உழவன், என்றுதான் பெயர். கிரகணக் கெடு முடிந்ததும் இருத்திய ஆளைக் கொன்றுவிட்டு அரசன் திரும்புவான். அந்தச் சோதிடர்களும் சும்மா இல்லை, ஒருவனைப்பற்றி ஒருவன் அரசனுக்குக் கோள் எழுதியபடி. களிமண் பலகையில். சாவையே இன்னொருவன் தலையில் கட்டும் அதிகாரம். புல்லரித்துவிட்டது.

வீட்டில் என் மனுசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாதா கோயில் சங்கத் தலைவர் மரியாம்பிள்ளை போன் எடுத்தாராம். "ஞாயிறிலையிருந்து நீர்தான் தலைவர். நான் கீழை குசினியிலை ரோல்ஸ் பொரிக்கிறன்."

ஞாயிறுத் தமிழ்ப் பூசை சனி பின்னேரத்துக்கு மாறுவதை மைக்கில் அறிவிக்க வேண்டியதும் இந்த ஞாயிறுதான். சங்கத்தில் இரண்டு பகுதி, இரண்டும் கொதிக்கிறது.

7, சனி

இவருடைய ஷர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டே கமக்காரன் கதையைச் சொன்னேன். குசினியில் ஒளியப்போகும் மரியாம்பிள்ளையின் ரோல்ஸையும் சேர்த்து.

"எனக்கு விளங்காமல் இல்லை," என்றார். "இருபது வருசமாச் சனம் இருக்கிற கதிரை அடுக்கிறன். ஒருக்கா மைக்கைப் பிடிச்சுப் பாப்பம்."

கழுத்தில் கட்ட நீல ரையை எடுத்து வைத்தேன்.

8, ஞாயிறு

வெயில், ஆனால் கொல்லும் குளிர். பூசை முடிய அறிவித்தார். இரண்டு பகுதியும் முதன்முறையாக ஒன்றாய், இவர்மேல். "இதைச் சொல்ல நீர் ஆர்?" கடைசி வரிவரை வாசித்தார். கால் அசையவில்லை. கல்லுக்கு முன் வந்த அதே வியப்பு எனக்கு, இவரைப் பார்த்து.

பிறகு மரியாம்பிள்ளை ரோல்ஸ் தட்டோடு மேலே வந்தார். எல்லோரும் அவரைச் சுற்றி. "தலைவர், இதென்ன ஞாயம்?"

"நான் பங்குச் சுவாமியோடை கதைக்கிறன்," என்றார் மரியாம்பிள்ளை.

இவர் கதிரை அடுக்கினார்.

வீடு வந்து ரையைக் கழற்றியபடி கேட்டார்: "அந்த மனுசனைக் கொல்லுறதுக்கு முதல், அரசன் எண்டு கூப்பிட்டவையோ?"

ஓம் என்றேன்.

"என்னை ஒருத்தரும் தலைவர் எண்டு சொல்லேல்லை."

சோறு போட்டேன். "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, தலைவர்."

சிரிக்கவில்லை. போய்க் கழுவினார்.