கூனவாராவை உனக்குச் சொல்லத் தெரியவில்லை

இன்று காலை அலுவலகத்தில் புது ஒயின் பெட்டி பிரித்தார்கள். முதல் புட்டியின் மூடியைத் திருகியதுமே மணம் என் மேசை வரை வந்துவிட்டது. லேபிளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கூனவாராதான். "ஏய், வந்தாச்சு!" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே இப்போது உட்காரும் பெண் நிமிர்ந்து, "குச் சாஹியே, மேம்?" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஒயின் இறக்குமதி செய்து தில்லி ஓட்டல்களுக்கு விற்கும் கம்பெனியில், ருசி பார்த்துச் சொல்வதற்கு இரண்டு தமிழ்ப் பெண்கள். உன் அம்மாவிடம் ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தாய். திருச்செந்தூரிலிருந்து வந்தவர், நாம் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவதை ஒருநாள் பார்த்துவிட்டு, "துப்புததுக்கா சம்பளம் தாறான்?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் புரை ஏறியது.

ஒயின் ருசிப் பரீட்சைக்குப் படித்த சனிக்கிழமைகள் எல்லாம் மயூர் விஹாரில் என் வீட்டில் கழிந்தன. என் கணவரின் சாக்ஸைப் புட்டிகளுக்கு மாட்டி லேபிளை மறைப்போம். ஒருத்தி ஊற்ற, மற்றவள் மோந்து ஊரைச் சொல்ல வேண்டும். ஒரே வாய்ப்பு. தென் ஆஸ்திரேலியாவின் லைம்ஸ்டோன் கோஸ்ட் வட்டாரம் எனக்குப் பெரிய தலைவலி. அதற்குள் ஆறு சின்னப் பகுதிகள். கடலை ஒட்டி ரோபும் மவுண்ட் பென்சனும், தெற்கே குளிரில் மவுண்ட் காம்பியர், கடலை விட்டு உள்ளே பாத்தவே, ராட்டன்புல்லி, கூனவாரா. நான் புத்தகத்தை மனப்பாடம் செய்து உளறுவேன். நீ ஒரு மூச்சு இழுத்து ஊரைச் சொல்லிவிடுவாய். கூனவாரா மட்டும் உன் செல்லம். சுண்ணாம்புப் பாறை மேல் கொஞ்சமே கொஞ்சம் செம்மண், அதில் கொடி. "பாஸானதும் முதல்ல அந்த மண்ணுல செருப்பில்லாம நிக்கணும்ட்டி" என்பாய். தப்பான பதிலைப் பாவம் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் கிளாஸை மோந்துவிட்டு, "என்னத்தட்டி ஊத்திருக்க? வெறும் தண்ணி" என்றாய். கேலி என்று நினைத்தேன். அடுத்த கிளாஸையும் அப்படியே கீழே வைத்தாய். சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

நெற்றிக்குப் பின்னால் கட்டி, மணம் அறியும் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அறுவை செய்து எடுத்தார்கள். மணம் திரும்பவில்லை. கட்டி மட்டும் திரும்பி வந்தது.

கடைசியாக நான் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மூடி போட்ட சின்னப் புட்டியில் கொஞ்சம் ஒயின் எடுத்து வரச் சொல்லியிருந்தாய். "என்னன்னு சொல்லாத. நீ மோந்து சொல்லு, நான் ஊரச் சொல்லுதேன்." உன் கண்ணில் பழைய விளையாட்டு இருந்தது. நான் மோந்தேன். "பிளாக்கரண்ட் பழம். அப்புறம் சிடார் மரம், கொஞ்சம் மின்ட்" என்றேன்.

"பிளாக்கரண்ட நீ பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சதுல சொல்லு."

தேடினேன். தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து இந்தி பேசி வளர்ந்தவள் நான். என் தமிழில் மணத்துக்கு ‘நல்லா இருக்கு’, ‘நாறுது’ என்ற இரண்டுதான் இருந்தன. "நல்ல வாசனையா இருக்கு... டார்க்கா..." என்று இழுத்தேன். நீ கண்ணை மூடி யோசித்து, "பாத்தவே" என்றாய்.

சட்டம் சட்டம்தான். "இல்ல" என்றேன்.

"பின்ன எது?"

"கூனவாரா."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். திரும்பாமலே, "இன்னொரு தடவ சொல்லு" என்றாய். மறுபடியும் பிளாக்கரண்ட், சிடார், மின்ட் என்று அதையேதான் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை. நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து நின்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

இப்போதெல்லாம் வார்த்தைகள் வருகின்றன. ஜூலை மாதம் நடைபாதையில் விழுந்து நசுங்கிக் கிடக்கும் நாவல்பழம். தொட்டியிலிருந்து கிள்ளிய கற்பூரவல்லி இலை. பென்சில் சீவிய தூள். ஓட்டல் பையன்களுக்கு வகுப்பெடுக்கும்போது என்னையறியாமல் தமிழில் சொல்லிவிடுகிறேன். புரியாமல் மரியாதையாக, "அச்சா, மேம்" என்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு இது வாயில் வந்திருந்தால், நீ இன்னொரு முறை கூனவாராவை மோந்திருப்பாய்.